தலைமடையில் சம்பந்தி

பழைய பதிப்புக்கு ஒரு நாற்காலி போதும். புதிய பதிப்புக்கு இரண்டு வீடுகள் வேண்டும். இரண்டுக்கும் இன்னும் எத்தனையோ வித்தியாசங்கள் உண்டு. அவற்றையும் விடாமல் சொல்கிறேன். ஆனால் என் புகார் தொடங்கிய இடம் இதுதான்.

கணினியில் ராஜ்ஜியம் கட்டி ஆளுகிற விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். ஆற்றங்கரையில் நாலு குடிசையோடு ஆரம்பித்து, வயல் திருத்தி, கோட்டை எழுப்பி, பக்கத்து ராஜாவோடு சண்டையோ சமாதானமோ செய்து, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சுகிற வகை. கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போன என் மகள், எடுத்துக்கொள்ளாமல் விட்டுப்போன சாமான்களில் அந்த விளையாட்டின் குறுந்தட்டும் ஒன்று. தட்டோடு தடிமனாக ஒரு கையேடு இருந்தது.

நான் தஞ்சாவூரில் ஒரு பாசன அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எந்தத் தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு, யார் கையெழுத்தோடு போக வேண்டும் என்பதுதான் என் தொழில். ஓய்வுபெற்ற பிறகு படிக்க விதிப்புத்தகம் எதுவும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கையேடு கையில் கிடைத்தது. அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். உலகத்தில் அதை அப்படிப் படித்தவர்கள் இருவர்தான் இருப்போம். ஒருவன் நான். இன்னொருவர் அச்சுப்பிழை திருத்தியவர். அவர் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

விளையாட ஆள் வேண்டுமே? வந்தவர் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் விசாரித்துவிட்டு, களைத்துப்போய், கடலுக்குப் போகிற வழியில் அவர் வயலை எட்டிப் பார்க்கும். "எங்களுக்கு ஆடிப்பெருக்கு ஆவணியிலதாங்க" என்பார். மோட்டார் பம்பு ரிப்பேருக்காக ஒரு சனிக்கிழமை தஞ்சாவூருக்கு வந்தவர், வந்த இடத்தில் எங்கள் வீட்டில் தலைகாட்டினார். ஆட்டத்தில் உட்கார்ந்தார். பம்பு சரியாகிவிட்டது. சம்பந்தி அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். வீட்டில் பம்பைப் பற்றி என்ன சொல்லிவிட்டு வந்தாரோ தெரியாது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை வீட்டார் நினைத்தபோது பெண் வீட்டுக்கு வரலாம். பெண்ணைக் கொடுத்தவர்கள் அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. இது எங்கும் எழுதப்படாத விதி. எழுதிய விதிக்குத் திருத்தம் கொண்டுவரலாம், விலக்கு கேட்கலாம். எழுதாத விதியை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே போக்குவரத்து ஒருவழியாகவே இருந்தது.

பழைய பதிப்பில் ஒரே கணினியின் முன்னால் இருவரும் மாறிமாறி உட்கார வேண்டும். என் முறை முடிந்ததும் நான் எழுந்துவிட வேண்டும், அவர் உட்கார வேண்டும். ஒருவர் படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று மற்றவர் பார்க்கக்கூடாது. முதலில் சுவரைப் பார்த்து நின்றால் போதும் என்று வைத்திருந்தோம். பிறகு பீரோ கண்ணாடியில் என் யானைப்படை முழுக்கத் தெரிகிறது என்பதை சம்பந்தி கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்ததை நான் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு கோட்டைகள் போய்விட்டன. அன்றிலிருந்து, முறை இல்லாதவர் சமையலறைக்குப் போய்விட வேண்டும் என்று விதி செய்தேன்.

சமையலறையில் சும்மா நிற்பவரை என் மனைவிக்குப் பிடிக்காது. ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி முன்னால் நகர்த்திவிடுவாள். முறைக்கு முறை நாங்கள் இருவரும் உரித்தோம், கீரை ஆய்ந்தோம், தேங்காய் துருவினோம். இரு ராஜ்ஜியங்களின் உழைப்பில் மூன்றாவது ராஜ்ஜியம் ஒன்று செழித்தது.

"அண்ணே, முருங்கைக்கீரை உருவிக் கொடுக்கிறீங்களா? உங்க சம்பந்தி இப்போதைக்கு எழுந்திருக்க மாட்டாரு."

"கொடுங்க சம்பந்தியம்மா. அவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள உருவின கீரை மறுபடி துளிர்த்துடும்."

இதெல்லாம் எனக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் பேசுவார்கள். நான் யோசிப்பதை நிறுத்த மாட்டேன். பழைய பதிப்பில் கடிகாரம் கிடையாது. அதன் தலைசிறந்த பண்பு அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் புதிய பதிப்பு வந்தது. தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி வாங்கி, அதில் விளையாட்டையும் ஏற்றித் தந்தார்கள். மாப்பிள்ளை போனில் விளக்கினார்.

"அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாயிடுச்சு மாமா. பஸ்ஸுல ஏறி இறங்கவே சிரமப்படறாங்க. இனிமே அலைய வேண்டாம். அவங்க அங்கேர்ந்து ஆடலாம், நீங்க இங்கேர்ந்து ஆடலாம்."

"ரொம்ப நல்ல ஏற்பாடு மாப்பிள்ளை" என்றேன்.

அப்போதே தெரிந்துவிட்டது, என் சனிக்கிழமை போய்விட்டது என்று. அவரை வரச்சொல்ல முடியாது, முழங்கால் இருக்கிறது. நான் போக முடியாது, வழக்கம் இருக்கிறது. ஒரு மனிதருக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்பதை எந்தப் பொருள் தலைப்பின் கீழ் எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே புதிய பதிப்பில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன்.

குற்றங்கள் ஏராளமாக இருந்தன. கையேடு இல்லை. விதி என்னவென்று தெரியாமலே ஆட ஆரம்பிக்க வேண்டும், தப்பு செய்யும்போது ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப்பார்த்து விதியைச் சொல்லும். குற்றம் நடந்தபின் சட்டம் இயற்றுவது என்று இதற்குப் பெயர். பழைய பதிப்பில் மந்திரிகள் கூப்பிட்டால் வருவார்கள், ஒரு வரி சொல்வார்கள், போய்விடுவார்கள். புதியதில் மந்திரி தானே வருகிறார், கையை ஆட்டுகிறார், நான் வேண்டாம் என்றாலும் அடுத்த நிமிடம் வேறு சட்டையில் வருகிறார். பழையதில் ஒரு கட்டத்துக்குள் எத்தனை படை வேண்டுமானாலும் அடைக்கலாம், காலை நேரத்து மன்னார்குடி பஸ் மாதிரி. புதியதில் கட்டத்துக்கு ஒரு படைதான். முன்பதிவு செய்தவர்கள் மட்டும் ஏறுகிற பஸ்ஸில் எந்த ஊர்க்காரன் சண்டைக்குப் போவான்? போதாததற்கு, வாரத்துக்கு ஒரு தடவை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிடும். எழுந்து வரும்போது போன வாரம் செல்லுபடியான தந்திரம் இந்த வாரம் செல்லாது. அதற்கான சுற்றறிக்கையும் வராது.

எல்லாவற்றுக்கும் மேல், புதிய பதிப்பில் இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம். ஓரத்தில் கடிகாரம் ஓடும். என் பணிக்காலம் முழுவதிலும் கடிகாரத்தைக் காட்டி என்னை யாரும் யோசிக்கச் சொன்னதில்லை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பில் ஆறு என்பது நீல வண்ணத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். தண்ணீர் ஓடாது. மேலே இருப்பவன் எவ்வளவு இறைத்தாலும் கீழே இருப்பவனுக்குக் குறையாது. புதியதில் ஆறு ஓடுகிறது. மேலே அணை கட்டலாம், கதவு வைக்கலாம், திறக்கலாம், மூடலாம். மூடினால் கீழ் ராஜ்ஜியத்தின் வயல் மஞ்சளாகிவிடும். இதைச் செய்தவர்களில் யாரோ ஒருவர், எங்கேயோ, ஒரு வாய்க்கால் கரையில் நின்றிருக்கிறார்.

முதல் ஆட்டத்தில் எனக்குத் தலைமடை வந்தது, மலையடிவாரம். சம்பந்திக்குக் கடைமடை, கடலோரம். "பார்த்தீங்களா, இங்கேயும் அதே இடத்துல கொண்டுபோய் வைச்சுட்டான்" என்று போனில் சிரித்தார். நான் அணை கட்டினேன். கதவுகளை முறை வைத்துத் திறக்க ஏற்பாடு செய்தேன். இத்தனை நாள் எனக்கு, இத்தனை நாள் அவருக்கு. நன்றாகவே நடந்தது. நடுவில் ஒரு உப்பளத்துக்காக எங்களுக்குள் போர் மூண்டது. மந்திரி ஓடிவந்தார். கதவை மூடுங்கள் மன்னா, எதிரியின் பயிர் கருகும், படை பட்டினி கிடக்கும் என்றார். நான் அவரை அனுப்பிவிட்டேன். மறுபடி வந்தார். மறுபடி அனுப்பினேன். சம்பந்தியின் வயல் நன்றாக விளைந்தது. நன்றாகச் சாப்பிட்ட படை வந்து என் தலைநகரைப் பிடித்தது.

போன் அடித்தது.

"சம்பந்தி, ஒரு சந்தேகம். கதவை ஏன் நீங்க மூடலை?"

"உத்தரவு வரலைங்க."

"யாரு உத்தரவு?"

"மேலேர்ந்து."

"நீங்கதானே சம்பந்தி ராஜா?"

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது. சண்டை வேறு, பாசனம் வேறு, பயிர் நிற்கும்போது கதவில் கை வைக்கக்கூடாது என்று விளக்கினேன். இந்த விளக்கம் எந்த மந்திரிக்கும் புரியாது. ஆனால் சம்பந்திக்குப் புரிந்தது. "சரிங்க சரிங்க" என்றார். பிறகு, "ஆனா எனக்கு அணை கிடைச்சா நான் மூடுவேன். முன்னாடியே சொல்லிடறேன்" என்றார்.

நான்கைந்து வாரங்கள் போயின. ஆட்டம் நடந்தது. ஆள் வரவில்லை. சனிக்கிழமை மாலையில் நான் கணினி முன்னாலேயே இருந்தேன், எழுந்து நாற்காலியைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆரம்பத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஆடினோம். சம்பந்திக்கு ஒரு கையால் போனைப் பிடித்து மறு கையால் போர் செய்ய வரவில்லை. பிறகு ஆட்டத்துக்குள்ளேயே இருந்த செய்திப் பெட்டியில் எழுதிக்கொண்டோம். அவர் ஒரே விரலால் "சரி" என்று அடிப்பார். அந்தச் "சரி" வருவதற்குள் என் வீட்டில் ஒரு காலத்தில் கால் கிலோ வெங்காயம் உரிந்திருக்கும். இப்போது வெங்காயத்தை என் மனைவியே உரித்தாள்.

"எனக்குப் பழைய ஆட்டம்தாங்க பிடிச்சுது" என்றாள். இரு பதிப்புகளையும் பற்றி நான் கேட்ட கருத்துகளில் தெளிவானது அதுதான்.

அடுத்த ஆட்டத்தில் சம்பந்திக்குத் தலைமடை வந்தது.

சொன்னபடியே செய்தார். அணை எழும்பியது, கதவுகள் இறங்கின. என் நாட்டில் ஆறு ஒரு வாய்க்காலாகி, வாய்க்கால் ஒரு கோடாகி, பழைய பதிப்பின் ஆற்றைப் போல ஓடாமல் நின்றது. வயல்கள் மஞ்சளாயின. என் மந்திரி ஒவ்வொரு சட்டையிலும் வந்து அழுதார். இத்தனைக்கும் எங்களுக்குள் சண்டையே இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்திப் பெட்டியைத் திறந்து மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வைத்து, முறையாக. பெட்டிக்குக் கொள்ளளவு குறைவு என்பதைக் கையேடு இல்லாததால் நான் அறியவில்லை.

போன் வந்தது.

"என்னங்க சம்பந்தி, 'பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில்'னு வந்து நிக்குது. யாதுங்க?"

"தண்ணி வேணுங்க."

"அதை முதல் வரியில போடக் கூடாதா?"

"மனுன்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்லங்க."

"இருக்கு, இருக்கு. முறைப்படி மனுவை மனுதாரர் நேர்ல கொண்டாந்து கொடுக்கணும். நாங்க ஊரோட லாரி பிடிச்சு வந்து உங்க ஆபீஸ் வாசல்ல நின்னோமே, போன்லயா கேட்டோம்?"

"நேர்லன்னா... உங்க வீட்டுக்கா?"

"தண்ணி வேணுமா வேண்டாமா? சனிக்கிழமை ஆபீஸ் உண்டு. பத்து மணிக்கு மேல வாங்க."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். ஒரு சிக்கல் இருந்தது. இதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? அழைப்பு என்றால் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் தாம்பூலம் வைத்து, இன்ன தேதிக்கு வரவேண்டும் என்று சொல்ல வேண்டும். இது சம்மன். ஆனால் சம்மன் வந்தும் போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு. இரண்டையும் எடைபோட்டு நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டுக்கும் ஒரே பஸ்தாங்க" என்றாள் என் மனைவி.

"நீயும் வர்றியா?"

"எனக்கு ஒண்ணும் சம்மன் வரலையே."

ஆனால் முறுக்கு சுட்டாள், ஒரு சீப்புப் பழம், பூ, வெற்றிலை எல்லாம் பையில் வைத்தாள். மேலே மனுவை வைத்தேன், இந்தத் தடவை முழுமையாக, கையெழுத்தோடு. பழைய பதிப்பின் தட்டையும் ஒரு துண்டில் சுற்றி அடியில் போட்டேன். வாய்ப்பு எப்படி வரும் என்று சொல்ல முடியாது.

பட்டுக்கோட்டையில் பஸ் மாறினேன். சம்பா நட்ட வயல்கள் பச்சை பிடித்திருந்தன. பட்டுக்கோட்டை தாண்டித் தென்னந்தோப்புகள் வந்தன, பிறகு காற்றில் லேசாக உப்பு வந்தது. சம்பந்தியின் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தனியாகப் போடப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மனுதாரர் வெளியில உட்காரலாம். ஐயா வேலையா இருக்காங்க."

உட்கார்ந்தேன். எனக்கு இது தெரிந்த இடம்தான், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து தெரிந்த இடம். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியின் மனைவி காய்கறிப் பையோடு தெருவிலிருந்து வந்தவர், என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அய்யோ அண்ணே, வாங்க வாங்க! ஏங்க, என்ன அநியாயம் இது? பொண்ணைக் கொடுத்தவங்களை வாசல்ல உட்கார வைச்சுட்டு உள்ள என்ன பண்றீங்க?"

"நீ சும்மா இரு. அவங்க ஆபீஸ்ல எனக்கும் இப்படித்தான். நாற்காலிகூடக் கிடையாது."

சொல்லிக்கொண்டே முழங்காலைப் பிடித்தபடி வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். வலி முகத்தில் தெரிந்தது, சிரிப்பும் தெரிந்தது. மனுவை நின்றுகொண்டே கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். பார்வை என்ற இடத்தில் அவர் "நீங்கதானே ராஜா" என்று சொன்ன தொலைபேசி உரையாடலைக் குறிப்பிட்டிருந்தேன். அங்கே வந்ததும் அவருக்குத் தோள் குலுங்கியது.

"வாய்க்காலைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். வீட்டுக்குப் பின்னாலேயே வயல். கரையில் நின்றோம். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அவசரம் இல்லாமல்.

"வந்துடுச்சு பாருங்க, உங்க ஊர்லேர்ந்து. உங்க ஆபீஸ் படத்துல இது எவ்வளவு அகலம் சம்பந்தி?"

"நீலப் பென்சில் அகலம்."

"அப்ப சரியாத்தான் போட்டிருக்காங்க."

திரும்பி வந்து பழைய தட்டை எடுத்தேன். அவர் மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தட்டு போடுவதற்கு வாயே இல்லை. புதிய பதிப்பு மட்டுமல்ல, அதை ஆட வாங்கிய பெட்டியே பழையதை உள்ளே விடாது என்று முடிவு செய்து வந்திருக்கிறது. தட்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். சம்பந்தி புதிய பதிப்பைத் திறந்தார். என் ராஜ்ஜியம் தஞ்சாவூரில் இல்லாத என்னை எதிர்பார்க்காமல் இயந்திரத்தின் பொறுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பு அதிகாரிகள் வழக்கமாகச் செய்வதைத்தான் அதுவும் செய்துகொண்டிருந்தது. ஒன்றும் செய்யவில்லை.

சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்தார். "உட்காருங்க. நீங்களே திறந்துக்குங்க" என்றார்.

உட்கார்ந்தேன். கணினி எலியைக் கதவுப் படத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். அழுத்தவில்லை.

"என்ன?"

"உத்தரவு சொல்லுங்க."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, "திறக்க உத்தரவு" என்றார்.

அழுத்தினேன். கதவு மேலே போனது. தண்ணீர் மலையடிவாரத்திலிருந்து படத்தில் கீழே இறங்கியது. அதைப் பார்த்து முடித்துத் திரும்பினால் சம்பந்தியைக் காணோம். நான் நாற்காலியில் இருந்தால் அவர் அறையில் இருக்கக்கூடாது என்று அவர் காலுக்குப் பழக்கம். சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"அண்ணே, இங்க வந்து பாருங்க! இத்தனை வருஷத்துல இவர் அடுப்படிக்கு வந்து நான் பார்த்ததில்லை. வந்தவுடனே வெங்காயத்தை இழுத்துப் போட்டு உரிக்கிறாரு. அதுவும் எவ்வளவு நறுவிசா! இதை எங்க கத்துக்கிட்டாரு?"

போய் நின்றேன். முறத்துக்கு மேலாக சம்பந்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன், என் அலுவலகத்தில் தணிக்கைக்காரர்கள் வரும் நாளில் பலர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"அது பற்றி என்னிடம் தகவல் இல்லைங்க" என்றேன்.

இறால் தொக்கும் ரசமும் சாப்பிட்டோம். பெண்ணைக் கொடுத்தவர் கையில் வெங்காயம் கொடுக்க முடியாது என்று அந்த அம்மாள் கடைசிவரை மறுத்துவிட்டதால், சம்பந்தி மட்டும் உரித்தார். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருமுனை வரை வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"திறந்தது இந்த வாரத்துக்குத்தான்" என்றார். "வெள்ளிக்கிழமை மறுபடி மூடிடுவேன்."

"அதெப்படிங்க?"

"முறை வைச்சுத்தாங்க விடணும். உங்களுக்குத் தெரியாததா? சனிக்கிழமை மனுவோட வாங்க. சம்பந்தியம்மாவையும் கூட்டிட்டு வாங்க, கூட்டு மனுவா இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். "என்னாச்சு? திறந்தாரா?"

"திறந்தார். வெள்ளிக்கிழமை மறுபடி மூடப்போறாராம்."

"நல்ல மனுஷன்" என்றாள். பிறகு, சனிக்கிழமைக்கு முறுக்கா, அதிரசமா என்று கேட்டாள்.